மாதம்மாள் வீட்டுத் தாய்மொழி

16-12-2024 விண்ணப்பக் கட்டணம் ரூ. 500
16-12-2024 பாலகுமார், கைடன்ஸ் ரூ. 1,500
28-12-2024 கராத்தே, அரை மாதம் ரூ. 400
4-1-2025 போட்டோ, எட்டுப் பிரதி ரூ. 120
7-2-2025 வெள்ளை ஷூ ரூ. 349
4-3-2025 செல்போன் ரீசார்ஜ் ரூ. 299
15-3-2025 ஆட்டோ, போக மட்டும் ரூ. 150

இவ்வளவையும் கொடுத்தவள் மாதம்மாள். ஏற்காட்டில் கிளியூரைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, மண்பாதையில் சிறிது தூரம் இறங்கினால் வருகிற ஊரில் 1989-ஆம் ஆண்டு பிறந்தாள். கட்டிக் கொடுத்ததும் அதே ஊரில்தான், நான்கு வீடு தள்ளி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் தங்குதடையின்றி வாசிப்பாள். இங்கிலீஷில் எழுத்துகள் தெரியும், ஆனால் அவை சேர்ந்து வார்த்தை ஆகாது. கணவன் விஜயகுமார் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். காப்பி, மிளகு, ஆரஞ்சு என்று மலையில் எது விளைந்தாலும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்குவான். பலாப்பழக் காலத்தில் பாலக்காடு வரைக்கும் போவான். அவர்களுக்கு எழுபது சென்ட் நிலம் இருக்கிறது. அதில் காப்பிச் செடியும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடியும், சரிவில் கொஞ்சம் சாமையும். அது மட்டும் வீட்டுக்குப் போதாது என்பதால், பறிப்புக் காலத்தில் மாதம்மாள் பக்கத்து எஸ்டேட்டுக்கு ஆள் வேலைக்குப் போவாள். பிள்ளை ஒன்றே ஒன்று. பெயர் சிவரஞ்சனி.

அந்த எஸ்டேட்டின் கிழக்கு எல்லையில் ஒரு நீளச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. பெயர் இங்கே வேண்டாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிற பெரிய இடம். பணம் இருந்தாலும் இடம் கிடைக்காது, தேர்வு எழுதி, நேர்முகம் முடித்து, அவர்கள் பொறுக்கி எடுத்தால்தான் உண்டு.

2023 ஜனவரியில் ஒரு நாள் அந்தச் சுவர் ஓரத்து வரிசையில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. சுவரைத் தாண்டி ஒரு பந்து வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு சிறுமியின் தலை சுவருக்கு மேல் தெரிந்தது. எட்டு ஒன்பது வயது இருக்கும். அப்போது அந்த வழியாக வந்தவர் ரைட்டர் கந்தசாமி. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிறவரும் பறித்த பழத்தை நிறுத்துப் போடுகிறவரும் அவர்தான். அவரிடம் பேசும்போது ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிடுவார்கள், பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

"அங்கிள், அந்தப் பந்தைக் கொஞ்சம் எடுத்துப் போடறீங்களா?" என்றாள் சிறுமி, அவர் முகத்தை நேரே பார்த்து.

ரைட்டர் ஓடினார். செடிகளுக்குள் புகுந்து பந்தை எடுத்து, துடைத்து, எறிந்தார். "தேங்க் யூ" என்றது தலை. உடனே மறைந்தது.

பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பாவாயி சொன்னாள்: "பாத்தியா புள்ள. நம்மகிட்ட வர்றப்ப மட்டும் முட்டி வலிம்பாரு."

மற்றவர்கள் சிரித்தார்கள். மாதம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் மகளுக்கும் அதே வயதுதான் என்று நினைத்தாள். சிவரஞ்சனி வீட்டில் வாய் ஓயாதவள், ஆனால் ரைட்டரைக் கண்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விடுவாள். அந்தச் சிறுமியின் ஷூவோ இங்கிலீஷோ மாதம்மாளை இழுக்கவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டாளே, அது தன் பிள்ளைக்கு வேண்டும் என்று பட்டது. அது சுவருக்கு அந்தப் பக்கம் கிடைக்கிற சரக்கு என்றும் பட்டது.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் அதை யாரிடமும் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் அந்தப் பள்ளி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மலைக்கிராமப் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு இடம் இலவசம். படிப்பு, விடுதி, சாப்பாடு, துணி எல்லாமே பள்ளியின் பொறுப்பு. சிவரஞ்சனி அப்போது ஐந்தாம் வகுப்பு.

ஏற்காட்டுக் கடைத்தெருவான ஒண்டிக்கடையில் ஜெராக்ஸ் கடையும் இன்டர்நெட்டும் வைத்திருப்பவன் பாலகுமார். முப்பது வயது. கடை வாசலில் 'அட்மிஷன் கைடன்ஸ் செய்து தரப்படும்' என்று ஒரு தாள் ஒட்டியிருப்பான். பறிப்புக் கூலி வந்த மறுநாள் மாதம்மாள் அவனிடம் போனாள்.

"அக்கா, முந்நூறு பேரு அப்ளை பண்ணுவாங்க. சீட்டு ரெண்டு" என்றான் பாலகுமார். "மார்க்கெல்லாம் எல்லாப் புள்ளைங்களும் வாங்குது. பேப்பரை எடுத்த ஒடனே, அட, இந்தப் புள்ளையான்னு நிக்கணும். தனியாத் தெரியணும்."

"தனியாத்தான் தம்பி தெரியறா. வகுப்புல மொத்தமே ஆறு புள்ளைங்க."

"அதில்லக்கா. கதை வேணும். ராத்திரி சிம்னி வெளக்குல படிக்கறான்னு போடலாமா?"

"ஊட்டுல கரண்டு இருக்குதே."

"தேனெடுக்கற குடும்பம்னு?"

"எம் மாமனாருக்குத் தேனீன்னாவே ஆவாது. ஒருக்கா கொட்டி மூணு நாளு கண்ணைத் தொறக்கலை."

பாலகுமார் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, நீங்க இப்படி நல்லா இருந்தா நான் என்னத்தை எழுதறது?"

கடைசியில் கராத்தே என்று முடிவாயிற்று. சனி ஞாயிறுகளில் ஒண்டிக்கடையில் ஒரு மாஸ்டர் சொல்லிக் கொடுத்தார். நான்கு வகுப்பு போய்விட்டு சிவரஞ்சனி, "அங்க காத்தைத்தாம்மா ஒதைக்கச் சொல்றாங்க" என்று நின்றுவிட்டாள். விண்ணப்பம் எந்தக் கதையும் இல்லாமல்தான் போயிற்று. பெயர், வயது, ஊர், பெற்றோர் தொழில், சாதி. சாதி என்ற இடத்தில், சான்றிதழில் உள்ளபடி, 'மலையாளி' என்று பாலகுமார் அடித்தான். தாய்மொழிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

சேர்வராயன் மலையில் வழிவழியாக உழுது வாழ்கிறவர்களுக்கு மலையாளி என்று பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லுவார்கள். பேசுவது தமிழ். கேரளத்தோடு அவர்களுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஏற்காட்டில் இது கடைக்காரன் முதல் கண்டக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர் அந்தப் பள்ளி அலுவலகத்தில் இருந்தார். சென்னையிலிருந்து அந்த மாதம்தான் வேலைக்கு வந்திருந்த கிளார்க்.

பிப்ரவரி எட்டாம் தேதி எழுத்துத் தேர்வு நடந்தது. தமிழ்க் கட்டுரைக்குக் கொடுத்த தலைப்பு 'நான் பயந்த நாள்'. சிவரஞ்சனி, காப்பிக்குள் காட்டுமாடு வந்த நாளைப் பற்றி எழுதினாள். அன்று தான் பயப்படவில்லை, அம்மாதான் பயந்தாள் என்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கியிருந்தாள்.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. மாதம்மாள் வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டருகே சிக்னல் நிற்காது. பலாமரத்தடிப் பாறைக்கு ஓடிப்போய்ப் பேசினாள்.

"ஸ்கூல் ஆபீஸ்லேர்ந்து பேசறோம். ஒரு டீடெயில் விட்டுப்போச்சு. நீங்க மலையாளிதானே?"

"ஆமாங்க."

"வீட்ல எல்லாருமேவா?"

"ஊட்டுல மட்டுமில்லீங்க, எங்கூரே மலையாளி ஊருதானுங்க. ஏனுங்க, சர்டிபிகேட்டு வெச்சிருந்தமே?"

"பார்த்தேம்மா. அப்புறம் பாப்பா தமிழ் எப்படி இவ்வளவு நல்லா எழுதறா?"

"பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்களேங்க."

"வெரி குட், வெரி குட்" என்றார் கிளார்க். தன் தாளில் 'வீட்டுமொழி: மலையாளம்' என்று எழுதிக்கொண்டார். மாதம்மாள் மிளகுக்குத் திரும்பினாள். பள்ளியிலிருந்து இரண்டு முறை 'வெரி குட்' சொன்னார்கள் என்று அன்று மாலை கணவனிடம் சொன்னாள்.

மார்ச் மூன்றாம் தேதி கடிதம் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் பாலகுமாரிடம் கொண்டுபோனாள். அவன் முதல் பத்தியைச் சத்தமாக வாசித்து, "செலக்ட் ஆயிட்டாக்கா! முன்னூத்திப் பன்னெண்டு பேருல இருபது பேரைக் கூப்பிட்டிருக்காங்க" என்றான். இரண்டாவது பத்தியில் அவன் குரல் நின்றது. மீண்டும் முதலிலிருந்து வாசித்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தான்.

"என்ன தம்பி?"

"அக்கா, நீங்க கேரளா ஆயிட்டீங்க."

மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு மலைக்கிராமக் குழந்தை இவ்வளவு நல்ல தமிழ்க் கட்டுரை எழுதியது குழுவினரைக் கவர்ந்தது என்று கடிதம் சொன்னது. ஆகவே நேர்முகத்தின் முதல் பகுதி குழந்தையின் தாய்மொழியில், பள்ளியின் மலையாள ஆசிரியையைக் கொண்டு நடத்தப்படும். நாள் மார்ச் 15.

மாதம்மாளுக்குப் போனில் நடந்த பேச்சு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பார்த்தாள். "நா சரியாத்தானே சொன்னேன்" என்றாள். உடனே செல்போனை எடுத்து, கடிதத்தின் தலைப்பில் இருந்த எண்ணை அழுத்தினாள்.

"அக்கா, ஒரு நிமிசம்" என்றான் பாலகுமார். சிரிப்பை நிறுத்தியிருந்தான். "மூணு மாசமா தனியாத் தெரியணும்னு மண்டையை ஒடைச்சுக்கிட்டமே. இப்பத் தெரியறா. இருபது பேருல அவ ஒருத்திதான் தெரியறா. இல்லீங்க, நாங்க தமிழுதானுங்கன்னு சொன்னீங்கன்னா, இருபதோட இருபத்தொண்ணு."

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கிறதற்கு முன் மாதம்மாள் துண்டித்துவிட்டாள்.

விஜயகுமாருக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் பிறந்தது. "இதுக்கா மொகத்தைத் தொங்கப் போட்டிருக்கற? நா பாலக்காட்டுக்கு லோடு அடிச்சவன்டி. சாயா, சோறு, வண்டி, வாடகை, எல்லாம் அவிங்க பாசையிலயே கேட்டு வாங்குவேன்."

"நாலு வார்த்தையை வெச்சு?"

"மிச்சத்துக்குச் சேட்டா, சேட்டான்னா போதும்."

மறுநாள் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தார்கள். மாலை ஆனால் சிவரஞ்சனி பலாமரத்தடிப் பாறையில் உட்கார்ந்து வீடியோ பார்த்தாள். பத்து நாளில் ஏழெட்டு வாக்கியம் பாடமாயிற்று. என்றெ பேரு சிவரஞ்சனி. என்றெ வீடு ஏற்காட்டிலாணு. அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. கோழிகளை எல்லாம், மகளே என்பதற்கு, 'மோளே' என்று கூப்பிட்டாள். ஊரில் விஷயம் பரவி, பாவாயி வழியில் பார்த்தால், "என்ன சேச்சி, சாயா குடிச்சாச்சா?" என்பாள். மாதம்மாள் நடையை எட்டிப் போடுவாள். அந்த நாட்களில் மூன்று முறை அவள் ஏறிய வண்டி பள்ளி வாசலைத் தாண்டிப் போனது. மூன்று முறையும் இறங்கிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இறங்கவில்லை. விடுதியில் போடப்போகிற கட்டிலும், மேசையும், மகள் யாரையோ நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்பதும் மனதில் வந்துகொண்டே இருந்தன.

மார்ச் 15, சனிக்கிழமை. ஷூவில் மண் படக் கூடாது என்று ஆட்டோவில் போனார்கள். விஜயகுமாருக்கு அன்று லோடு. தாயும் மகளும் மட்டும். அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பள்ளியின் முதல்வரான ஓர் அம்மா, கணக்கு எடுக்கிற ஒரு சார், மலையாளம் எடுக்கிற ரூபி டீச்சர். பெற்றோருக்குச் சுவரோரம் நாற்காலி போட்டிருந்தது.

ரூபி டீச்சர் திருச்சூர்க்காரர். இந்த மலையில் தன் மொழி பேசுகிற குடும்பம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, நேர்முகத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்திருந்தார். முகமெல்லாம் மலர்ந்து, "வா மோளே, இரிக்கு" என்றார். மலையாளத்தில் அதற்கு உட்கார் என்று பொருள்.

சிவரஞ்சனி சுற்றிலும் பார்த்தாள். "என்ன இருக்குங்க?" என்றாள்.

டீச்சர் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தாள். பெயர் கேட்டார், ஊர் கேட்டார். பாடம் செய்தது தடங்கல் இல்லாமல் வந்தது. மாதம்மாள் மூச்சு விட்டாள். அடுத்து டீச்சர், பாடத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"ராவிலே எந்தா கழிச்சது?"

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேள்வி. மலையாளத்தில் கழிப்பது என்றால் உண்பது. சிவரஞ்சனிக்கு அதில் 'களி' என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். அன்று காலை அவள் சாப்பிட்டதும் அதுதான்.

"ஆமாங்க மிஸ், களிதானுங்க!"

"களியோ?" டீச்சர் சிரித்தார். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. "எவிடெயா களிச்சது?" எங்கே விளையாடினாய் என்றார்.

"ஊட்டுலதானுங்க. அடுப்புகிட்ட உக்காந்து. ரெண்டு உருண்டை."

கணக்கு சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபி டீச்சரின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக, "மோள்க்கு மலையாளம் அறியாமோ?" என்று கேட்டார்.

மலையாளம் தெரியுமா என்ற அந்தக் கேள்வியில் மலையாளம் என்ற சொல் மட்டும் புரிந்தது. சிவரஞ்சனி தரையைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் திரும்பி, அறைக்கே கேட்கிற மாதிரி, "அம்மா, சொல்லிரட்டுமா?" என்றாள்.

மாதம்மாள் எழுந்து நின்றாள். "நா சொல்றேனுங்க."

முதல்வர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க மலையாளின்னு சொல்லியிருக்கீங்களே?"

"மலையாளிதானுங்க. இந்த மலையில இருக்கறதால மலையாளி. மலையாளம் பேசறவிங்க வேற, நாங்க வேறங்க. எங்க தாத்தன் பூட்டனுக்கெல்லாம் கேரளா எந்தப் பக்கம்னே தெரியாதுங்க."

கிளார்க்கைக் கூப்பிட்டார்கள். இளம்பையன். வந்து நின்று, மாதம்மாள் சொன்னதைக் கேட்டு, "நான் மலையாளியான்னுதான் மேடம் கேட்டேன், ஆமான்னாங்க" என்றான். அது உண்மைதான் என்று மாதம்மாளும் சொன்னாள்.

"இது தப்பாப் போயிருக்குன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றார் முதல்வர்.

"லெட்டரு வந்த அன்னிக்குங்க."

"பன்னெண்டு நாள் ஆச்சு. ஏன் சொல்லலை?"

"தனியாத் தெரியுதுன்னு சொன்னாங்க."

கணக்கு சார் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார். முதல்வர் சிரிக்கவில்லை. சிவரஞ்சனியைத் தமிழில் சில கேள்விகள் கேட்டார். காட்டுமாடு வந்தால் என்ன செய்வாய் என்றதற்கு, "ஓடக் கூடாதுங்க மிஸ். மரத்துக்குப் பின்னாடி நிக்கணும். எங்கம்மா ஓடுனாங்க" என்றாள். கால் மணி நேரத்தில் முடிந்தது. வெளியே வந்தபோது ரூபி டீச்சர் வராந்தா வரைக்கும் வந்தார். "நான் ரொம்ப ஆசையா வந்தேன்" என்றார், தன் தமிழில்.

திரும்பும்போது நடந்தே வந்தார்கள். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள் சிவரஞ்சனி.

"அம்மா, நா சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டதுக்குத்தான் சாமி நா எந்திரிச்சேன். இல்லீன்னா அங்கயே உக்காந்திருப்பேன்."

ஏப்ரல் பதினொன்றாம் தேதி இரண்டாவது கடிதம் வந்தது. பாலகுமார் வாசித்தான். இந்த முறை ஒரு தரம்தான். வீட்டுமொழி குறித்துத் தவறான தகவல் தந்ததால் விண்ணப்பம் தள்ளுபடி. பள்ளி விதிப்படி, தவறான தகவல் தந்த குடும்பத்தின் குழந்தை இனி எந்த ஆண்டும், எந்த வகுப்புக்கும் விண்ணப்பிக்க முடியாது.

"இனி எந்த வருசமுமேவா?"

"ஆமாக்கா. எழுத்துல இருக்குது."

விஜயகுமார், "உடு புள்ள. பெரிய எடம், நமக்கெதுக்கு" என்றான். பாவாயி கிண்டலை நிறுத்திக்கொண்டாள், அது மாதம்மாளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இடம் போனதை அவள் ஏற்றுக்கொண்டாள். ஆனால் சிவரஞ்சனி பொய் சொன்ன வீட்டுப் பிள்ளை என்று ஒரு பள்ளியில் எழுதி வைத்திருக்கிறார்கள். கதவு இந்த வருடத்துக்கு மட்டும் அல்ல, முழுதாகவே சாத்தியாயிற்று. இதை அவளால் விட முடியவில்லை. மூன்று வாரம் யோசித்தாள். மே ஐந்தாம் தேதி மறுபடி ஒண்டிக்கடைக்குப் போனாள். ஊரெல்லாம் கோடைக் கூட்டம். பாலகுமார் டூரிஸ்டுகளுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஒரு லெட்டரு அடிக்கணும். தமிழ்லயே."

அவன் உடனே உட்கார்ந்தான். "மாண்புமிகு முதல்வர் அவர்களின் பொற்பாதங்களில்..."

"காலெல்லாம் வேண்டாம். நா சொல்றதை அடி. பிப்ரவரி மாசம் போன்ல கேட்டாங்க. மலையாளியான்னு கேட்டாங்க, ஆமான்னேன். அதுல பொய் இல்லை."

"சரி."

"அப்பறம் லெட்டரு வந்துது. தப்பாப் போயிருக்குதுன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் பன்னெண்டு நாளு சொல்லலை. அது எந்தப்பு."

பாலகுமார் விரலைத் தூக்கினான். "அக்கா, அது எதுக்கு? மொதல் பாதியோட நிறுத்திக்கலாம். முழுக்க அவங்க தப்புன்னு ஆயிரும்."

"ரெண்டும் நடந்துது தம்பி. ரெண்டையும் போடு. ஆனா ஒண்ணாச் சேத்துப் போடாத. இது வேற, அது வேற. தனித்தனியாப் போடு."

"நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன்னு போடட்டுமா?"

"வாங்குன காசுக்கு நீ சொன்ன. போனைக் கட் பண்ணது என் கையி. நீ எதுக்கு இதுல?"

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். பிறகு அடித்தான். கடைசியில் அவள் கேட்டது இரண்டுதான். பிள்ளை பெயருக்கு எதிரே தாய்மொழி தமிழ் என்று திருத்த வேண்டும். இனி விண்ணப்பிக்கவே கூடாது என்பதை எடுத்துவிட வேண்டும். கீழே மாதம்மாள் கையெழுத்துப் போட்டாள். தபாலில் அனுப்பாமல், அன்றே நடந்துபோய்ப் பள்ளி வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்தாள்.

மே மாதம் முழுவதும் பதில் இல்லை. ஜூன் இரண்டாம் தேதி பள்ளிக்கூடங்கள் திறந்தன. சிவரஞ்சனி ஏற்காட்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரமே பஸ்ஸில் அவளுக்கு இரண்டு சிநேகிதிகள் கிடைத்தார்கள். வெள்ளை ஷூ அங்கே உதவியாக இருந்தது.

மூன்றாவது கடிதம் தமிழில் இருந்தது. அதனால் மாதம்மாள் ஒண்டிக்கடைக்குப் போகவில்லை. மிளகுக் கொடிகளுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வரப்பில் நின்றபடியே வாசித்தாள். முதலில் நடந்தது பள்ளி அலுவலகத்தின் பிழை என்று முதல்வர் எழுதியிருந்தார். சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்ளாமல் எழுதியது தாங்கள்தான். ஆகவே பதிவில் தாய்மொழி தமிழ் என்று திருத்தப்பட்டது, விண்ணப்பிப்பதற்கான தடையும் நீக்கப்பட்டது. இரண்டாவது நடந்தது, நீங்களே சொல்லியிருப்பதுபோல், உங்கள் பிழை. ஆகவே இந்த ஆண்டு இடம் இல்லை. அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பில் ஓர் இடம் காலியாகிறது. விரும்பினால் மற்றவர்களைப்போல் விண்ணப்பித்து, தேர்வு எழுதலாம்.

மாலை பஸ்ஸில் இறங்கி வந்த மகளிடம் கொடுத்தாள். அவள் வாசித்துவிட்டு, "அப்ப இல்லைங்கறாங்களா, உண்டுங்கறாங்களா?" என்றாள்.

"இந்த வருசம் இல்லை. அடுத்த வருசம் பரீட்சை வெக்கறாங்க."

"மறுக்கா அந்த அண்ணங்கிட்டப் போவணுமா? தனியாத் தெரியணும்பாரே?"

"போவ வேண்டாம். நாமளே எழுதிக்கலாம். நீ மொதல்ல இன்னைக்கிக் குடுத்த கணக்கைப் போடு கண்ணு."

விஜயகுமார் வந்ததும் அவனும் வாசித்தான். "இதுக்கா இத்தனை?" என்றான். அன்று மாதம்மாளுக்கு அழுகை வந்தது. அதை அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ளவில்லை. அழுது முடித்த பிறகு, "செரியாத்தான் பிரிச்சிருக்காங்க" என்றாள். கடிதத்தைச் சாதிச் சான்றிதழோடு சேர்த்து வைத்தாள்.

அந்தக் கடிதம் வந்தது 18-6-2025, புதன்கிழமை.